கொழும்புப் பாட்டுக்காரி

"என்னா கொரலு! இவ தொண்டையில சக்கரைய வச்சுத் தச்சிருக்காங்க போல!"

தியாகு மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த பாட்டுக்காரி, ஜிகினாச் சேலை மின்ன மைக்கோடு ஆடிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில், மகளை மடியில் தூங்கவைத்திருந்த மனோகரிக்கு வயிறு எரிந்தது. போன வருசம் இதே மேடையில் ஒரு பாட்டுப் பாடுகிறேன் என்றதற்கு, "குடும்பப் பொம்பளைக்கு மேடை என்னத்துக்கு?" என்று குதித்தவன் இவன்தான்.

"அவ எங்கங்க பாடுறா? வாயத்தான் அசைக்கிறா. பின்னால கேசட்டு ஓடுது."

"பொறாமடி ஒனக்கு. நீயுந்தான் லயத்து வீட்டுல பாடுற, காதுல ஈயத்தக் காச்சி ஊத்துன மாதிரி!"

அந்த நேரம் பாட்டுக்கு நடுவே ஒரு குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது.

"எவ அவ? புள்ளைய அழவிட்டுட்டு உக்காந்திருக்கா. பாட்டக் கேக்க விடுறாளா!" தியாகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து முறைத்தான்.

மனோகரி, அசந்து தூங்கும் மகளைத் தட்டிக்கொடுத்தாள். போன மாதம் இந்தத் திருவிழா இசைக்குழுக்காரர் கேட்டாரென்று, தியாகுவுக்குத் தெரியாமல் ஹட்டன் கேசட் கடையில் அவள் அந்தப் பாட்டைப் பாடிப் பதிந்தபோது, பாதியில் முழித்துக்கொண்டு சிணுங்கியவள் இவள்தான்.