தொலைவில் வசிக்கும் ஒருவர்

தேர்வாளர் அட்டையை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

குடும்பத்தில் தொலைவில் வசிக்கும் ஒருவரைப் பற்றி இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். யோசிக்க ஒரு நிமிடம். குறிப்பெடுக்க ஒரு பென்சில்.

பென்சிலை அவள் தொடவில்லை.

சென்ற முறையும் குடும்பம்தான் வந்தது. அன்று உண்மையைச் சொன்னாள். ஒரே அண்ணன், செழியன். பைக். பைபாஸ் சாலை. மணல் லாரி.

ஹெல்மெட் என்ற சொல்லுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ரெக்கார்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சுக்கு ஒன்பதுக்கு ஆறு போட்டார்கள். லண்டனில் சட்ட மேற்படிப்புக்கு ஏழு வேண்டும். இந்த மாதத்துக்குள் ஏழு வராவிட்டால் கிடைத்த இடமும் போய்விடும்.

பயிற்சி மையத்து பெனடிக்ட் சார் தலையில் அடித்துக்கொண்டார். உண்மைக்கு மார்க் கிடையாது, தங்குதடையில்லாமல் பேசினால்தான் மார்க் என்றார். உண்மையைத் தேடிக்கொண்டு உட்கார்ந்தால் நாக்கு நிற்கும். ஆளுக்கொரு பொய்யைப் பேசிப் பேசிப் பழகிக்கொண்டு வாருங்கள்.

அவளும் வக்கீல்தான். சாட்சிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சீனியரிடம் ஜூனியராக இருக்கிறாள். இதில் புதிதாக ஒன்றுமில்லை.

தினமும் மொட்டை மாடியில் துணி காயப்போட்டபடி பேசிப் பழகினாள். அம்மா பக்கெட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்து கொடுப்பாள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுநடுவே வரும் செழியன் மட்டும் புரியும்.

ஒரு நாளும் என்னவென்று கேட்டதில்லை.

தேர்வாளர் தலையசைத்தார்.

அவள் பேசினாள். அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான். கப்பல் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். போனில் யாரையும் பேச விடமாட்டான், அவனே பேசுவான். கொஞ்சம் குண்டாகிவிட்டான்.

சென்ற முறை போல நாக்கு நின்றுவிடும் என்று காத்திருந்தாள். நிற்கவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது. குரல் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, வேறு யாரோ பேசுவது மாதிரி.

தேர்வாளருக்குக் கதை பிடித்துவிட்டது. அடுத்து எப்போது வருகிறார் என்று கேட்டார்.

இது அவள் பழகாத கேள்வி.

பொங்கலுக்கு என்றாள். உடனே.

வெளியே வந்து பையை வாங்கிக்கொண்டாள். போனை உயிர்ப்பித்ததும் அம்மா கூப்பிட்டாள். நன்றாகப் பேசினேன், ஏழு வந்துவிடும் என்றாள்.

அம்மா வைக்கவில்லை.

"தெனமும் மாடியில அண்ணன் பேரைச் சொல்லுவியே. அதான் வந்துச்சா?"

ஆமாம் என்றாள்.

"என்னன்னு சொன்ன?"

படிக்கட்டில் உட்கார்ந்தாள். சிங்கப்பூர் என்றாள். நிறுத்தினாள். கப்பல் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை போன். தமிழில் ஒவ்வொரு சொல்லாக இழுத்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. பொங்கலுக்கு வருகிறான் என்பதை வாய்க்குள்ளேயே சொன்னாள். அதற்குமேல் முடியவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துத் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பக் காதில் வைத்தபோது அம்மா இன்னும் "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் கேட்டாள்.

"சாப்பாட்டுக்கு என்ன பண்றானாம்?"