குறை சொல்ல வந்தவர்

"இதுக்கா இவ்வளவு விலை போட்டிருக்கீங்க? யாரோ பாலிஷ் போட்டுப் போட்டே இதைக் கொன்னிருக்காங்களேம்மா."

கையில் ஒரு பழைய கைக்கடிகாரத்தைப் பிடித்திருந்த பெரியவர் இதைக் காதோடு காதாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஏலத்துக்கு முன் பொருட்களைப் பார்வைக்கு வைத்திருந்த கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பக்கத்து மேசையைக் குடைந்துகொண்டிருந்த இரண்டு வியாபாரிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவள் அவர்களைப் பார்த்து அவசரமாகச் சிரித்து வைத்தாள். பழைய கைக்கடிகாரங்களைப் பரிசோதித்து விலை போடுவது அவள் வேலை. எந்நேரமும் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியோடு திரிவதால் அலுவலகத்தில் அவளுக்கு லென்ஸ் அக்கா என்று பெயர். போன ஏலத்தில் அவள் விலை போட்ட கடிகாரங்களைச் சீந்த ஆளில்லை. இந்த முறையும் விலை போகாவிட்டால் நீயும் கூடவே வீட்டுக்குக் கிளம்பலாம் என்று முதலாளி காலையில்தான் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னால் செய்துவிடுவார் என்று அர்த்தம்.

ஓரம் தேய்ந்திருப்பதைக் குறிப்பிலேயே போட்டிருக்கிறேன், உள்ளே இயந்திரம் அத்தனையும் அசல் என்று அவளும் விடாமல் சொல்லிப் பார்த்தாள். பெரியவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. முகப்பிலுள்ள எண்களுக்கு யாரோ பிறகு மை பூசியிருக்கிறார்களாம். சாவி கொடுக்கும் திருகு வேறொரு கடிகாரத்தினுடையதாம். பின்மூடியில் இருப்பது ஆணிக் கீறலாம்.

அத்தனையும் உண்மை. அதுதான் அவளுக்கு எரிச்சல். அவள் ஒரு பிற்பகல் முழுக்கக் கண்ணைச் சுருக்கித் தேடிக் கண்டுபிடித்ததை எல்லாம் இந்த மனிதர் வெறுங்கண்ணால் கடகடவென்று ஒப்பிக்கிறார்.

"மழை பெஞ்சா நின்னு வேற போயிடும்," என்றார் கடைசியாக.

"பார்த்ததுமே அது எப்படி சார் தெரியும்?"

பெரியவர் கொஞ்சம் தடுமாறினார். இந்த வகை எல்லாமே அப்படித்தான் என்று சமாளித்தார். சமாளித்துக்கொண்டே கடிகாரத்தைக் காதருகே பிடித்து அதன் துடிப்பைக் கேட்டார். வாயால் அப்படித் திட்டியவர், கீழே வைக்கும்போது தளும்பத் தளும்ப இருக்கும் காப்பி டம்ளரை வைப்பதுபோலப் பார்த்துப் பார்த்து வைத்தார்.

ஓகோ, சங்கதி இதுதானா என்று அவளுக்கு உறைத்தது. பிடிக்காதவர் நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். மெனக்கெட்டுக் குறை சொல்பவர்தான் வாங்க வந்தவர். மற்றவர்களை விரட்டி, பொருளை விலை போகாமல் பண்ணி, ஏலம் முடிந்ததும் அடிமாட்டு விலைக்குப் பேசித் தட்டிக்கொண்டு போவது இந்தத் தொழிலில் நாள்தோறும் நடக்கிற கூத்து. கடிகாரத்தை ஒப்படைத்த அம்மாள் ஒரு குறைந்தபட்ச விலையைச் சொல்லி, அது வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றிருந்தார். இவர் போகிற போக்கைப் பார்த்தால் அதில் பாதி விலைகூடத் தேறாது.

இருங்க பெரியவரே என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு அவள் வியாபாரிகள் பக்கம் போனாள். ஒருவர் தாடிக்காரர், ஒருவர் தொப்பிக்காரர். இரண்டு பேருக்கும் எப்போதும் ஆகாது. அந்தப் பெரியவர் இதை விடமாட்டார் போலிருக்கிறதே என்று தாடிக்காரரிடம் பேச்சுவாக்கில் சொன்னாள். தாடிக்காரர் இதில் கண் வைத்திருக்கிறார் என்று தொப்பிக்காரரிடம் சொன்னாள். இரண்டாவது பொய்தான். ஆனால் சற்று நேரத்தில் அதுவும் உண்மையாகிவிட்டது.

இருவரும் மாறி மாறிக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்கள். பெரியவர் பின்னாலேயே போய்க் குறைகளை மறுபடி முதலிலிருந்து சொன்னார். அவர் சொல்லச் சொல்ல இவர்களுக்கு ஆசை ஏறியது. ஒரு மனிதர் இவ்வளவு பாடுபடுகிறார் என்றால் அதில் என்னவோ இருக்கிறது என்று இருவருமே முடிவு கட்டிவிட்டார்கள்.

ஏலம் ஆரம்பித்தது. அந்தக் கடிகாரத்தின் முறை வந்ததும் தாடிக்காரர் கை தூக்கினார். உடனே தொப்பிக்காரர் தூக்கினார். குறைந்தபட்ச விலையை அவர்கள் தாண்டியது யாருக்கும் தெரியக்கூட இல்லை, அவ்வளவு வேகம். பெரியவர் மட்டும் கடைசி வரிசையில் கைகளை மடியில் இறுக்கிக் கோத்தபடி, ஒவ்வொரு விலைக்கும் முகம் சுருங்கிப் போய் உட்கார்ந்திருந்தார். இரண்டு மடங்குக்கு மேல் போய் தொப்பிக்காரருக்கு முடிந்தது. முதலாளி தூரத்திலிருந்தே அவளைப் பார்த்துத் தலையாட்டினார். அப்பாடா, வேலை தப்பித்தது.

கூட்டம் கலைந்த பிறகும் பெரியவர் எழுந்திருக்கவில்லை. காலி நாற்காலிகளுக்கு நடுவே அவரைப் பார்க்க அவளுக்கு என்னவோ போலிருந்தது. ஜெயித்த பிறகு இரக்கப்படுவதற்கென்ன, தாராளமாகப் படலாம். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, இதே மாதிரி இன்னொன்று வந்தால் உங்களுக்குத்தான் முதலில் சொல்வேன் என்றாள்.

"இன்னொன்னு எனக்கெதுக்கும்மா?"

அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அதுமேல உயிரையே வச்சிருக்கீங்க. அப்புறம் ஏன் சார் ஒரு தடவைகூடக் கை தூக்கல?"

பெரியவர் தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சொந்தப் பொருளை ஏலம் கேக்கக் கூடாதுன்னு உங்க வாசல்லயே போர்டு வச்சிருக்கீங்களேம்மா. இன்னிக்கு மட்டும் விலை போகாம இருந்திருந்தா, இனிமே அதை விக்கிற பேச்சையே எடுக்க மாட்டேன்னு என் வீட்டுக்காரி சொல்லியிருந்தா."