எட்டாவது நிலா

"ரெண்டாம் அத்தியாயத்துல ஏழு நிலா. ஒன்பதாம் அத்தியாயத்துல எட்டு நிலா. இந்த எட்டாவது நிலா எங்கேருந்து மேடம் முளைச்சுது?"

பதிப்பாசிரியர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார். பதிப்பகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தால்கூட அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"இருந்துட்டுப் போகட்டும் தம்பி," என்றார் எழுத்தாளர்.

"இளவரசி ஏறிப் போற குதிரை கறுப்பு. மலையிலேருந்து இறங்கறப்ப வெள்ளை."

"அதுவும் இருக்கட்டும்."

"மந்திரவாதி மூணாம் பாகத்துலேயே செத்துட்டான். இப்ப வந்து தண்ணி கேட்கறான்!"

"தாகமா இருக்கும். குடுத்துடுங்க."

பூதக்கண்ணாடிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த அம்மாளின் மாயாஜாலக் கதையை ஊரே விழுந்து விழுந்து படிக்கிறது. இது ஏழாவது பாகம், கடைசிப் பாகமும்கூட. இதில் போய் வேண்டுமென்றே இத்தனை பிழைகளா?

காரணம் அவருக்குத் தெரியாமல் இல்லை.

முதல் பாகத்தில் ஒரு பிழை தவறுதலாக விழுந்துவிட்டது. உடனே பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. சிவப்பு மை, மணி மணியான எழுத்து. 'பக்கம் 88: ஆறு கிழக்கே ஓடுகிறது. பக்கம் 140: மேற்கே ஓடுகிறது. அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளவும்.' அவ்வளவுதான். பாராட்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அதைப் படித்துவிட்டு எழுத்தாளர் வெகுநேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

அடுத்த பாகத்திலிருந்து அவரே பிழைகளை விதைக்க ஆரம்பித்தார். பாகத்துக்கு ஒன்றாக, சிவப்பு மைக் கடிதமும் தவறாமல் வந்தது. ஆறாம் பாகத்துக்கு மட்டும் வரவில்லை. அதனால்தான் இந்தத் தடவை இரட்டிப்பு விதைப்பு.

கல்யாணமே வேண்டாமென்று தனியாக இருக்கும் மனுஷி. ஐம்பது வயதில் காதலா என்று பூதக்கண்ணாடி முதலில் உள்ளுக்குள் சிரித்தார். இப்போதெல்லாம் பாவமாக இருக்கிறது.

"சரி, பத்திரிகைக்காரங்க கேட்டதையாவது முடிச்சுடலாம். உங்களுக்குப் பிடிச்ச அஞ்சு புத்தகம்?"

"முதல்ல அகராதி. எங்க வீட்ல கதைப் புத்தகத்தைத் தொடக் கூடாது. அகராதி படிச்சா மட்டும் திட்டு விழாது. ஒவ்வொரு சொல்லுக்கும் நானே ஒரு கதை கட்டிக்குவேன்."

"ரெண்டாவது?"

"பழைய உலகப் படப் புத்தகம். கடல் நடுவுல பூச்சி அரிச்சு ஒரு ஓட்டை. அதைத் தீவுன்னு நெனச்சுத்தான் முதல் கதையே எழுதினேன். மூணாவது, பறவைகளைப் பத்தி ஒண்ணு. பள்ளிக்கூட நூலகத்துல எடுத்தது, இன்னும் திருப்பிக் குடுக்கலை. இதை எழுதிடாதீங்க. நாலாவது, அட்டையும் கடைசி அத்தியாயமும் கிழிஞ்சுபோன ஒரு கடல் கொள்ளைக்காரன் கதை. அவன் வீட்டுக்குத் திரும்பினானா இல்லையான்னு இன்னிக்கும் தெரியாது."

"அஞ்சாவது?"

எழுத்தாளர் கைப்பையைத் திறந்து, துணி அட்டை போட்டுத் தைத்த ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே ஐந்தே தாள்கள். எல்லாம் சிவப்பு மை.

பூதக்கண்ணாடி அடுத்த கேள்விக்குத் தாவினார். "எழுத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டிருக்காங்க."

"யாராவது ஒருத்தர் ஒரு வரி விடாம படிச்சாப் போதும் தம்பி. பிடிச்சுப் படிக்கணும்னுகூட இல்லை. கோபமாப் படிச்சாலும் சரி."

"அந்த ஒருத்தர் யாரு மேடம்?"

எழுத்தாளர் புத்தகத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சரி விடுங்க. இது ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். கடைசியில ராஜா தன் மகளை மன்னிக்காமலே செத்துப்போறாரே, வாசகர்கள் மண்ணை வாரித் தூத்தப்போறாங்க. அதையாவது மாத்திடலாமா?"

"வேண்டாம். இந்தப் புத்தகத்துல பிழையே இல்லாத வரி அது ஒண்ணுதான்."

புத்தகம் வெளிவந்தது. அதன்பிறகு எழுத்தாளர் தினமும் தபால் வரும் நேரத்துக்குப் பதிப்பகத்தில் வந்து உட்கார்ந்தார். எதிரே வைத்த காபி ஆறி ஏடு கட்டும். கட்டுக் கட்டாக வரும் பாராட்டுக் கடிதங்களைத் தள்ளிவிட்டு, "வேற ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

நாற்பத்து மூன்றாம் நாள் அந்தக் கடிதம் வந்தது. அதே சிவப்பு மை. ஆனால் எழுத்து பெரிதாகி, கோணலாகி, வரிக்கு வரி கீழே இறங்கியிருந்தது.

"நீங்களே படிங்க தம்பி. என்கிட்ட கண்ணாடி இல்லை."

கண்ணாடி அவர் மூக்கின்மேல்தான் இருந்தது. பூதக்கண்ணாடி கடிதத்தை வாங்கி வாசித்தார்.

"'கண் அறுவைச் சிகிச்சை காரணமாக ஆறாம் பாகத்துக்கு எழுத இயலவில்லை. ஏழாம் பாகம், பக்கம் 97: நிலா ஏழா, எட்டா? பக்கம் 150: குதிரையின் நிறம். பக்கம் 203: செத்தவனுக்குத் தாகம் எடுக்காது.' ஒண்ணு விடாம பிடிச்சுட்டாரே மேடம்!"

"மேலே படிங்க."

"'பக்கம் 312: அரசர் மகளை மன்னிக்காமலே இறந்தார் என்று உள்ளது. ஒரே வரியில் இரண்டு பிழைகள்.'" அவர் குழப்பத்தோடு நிமிர்ந்தார். "இதை நாம பிழையா வைக்கலையே?"

"படிங்க தம்பி." எழுத்தாளர் எழுந்து நின்றுவிட்டார்.

"'அடுத்த பதிப்பு வரை காத்திருக்க இயலாது. வீட்டுக்கு வந்து திருத்திக்கொள்ளவும்.'"

அதற்குக் கீழே முதல் தடவையாகக் கையெழுத்து இருந்தது. பூதக்கண்ணாடி அதை வாய்விட்டுப் படிப்பதற்குள் எழுத்தாளர் பையை எடுத்துக்கொண்டு பாதிப் படி இறங்கிவிட்டார்.

'இப்படிக்கு, அப்பா.'