ரிமோட் அக்காவின் தீர்ப்பு

"அந்தச் சுருட்டை முடிக்காரனை அஞ்சாவது வாரமே கொன்னுடுங்க" என்றார் ரிமோட் அக்கா, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி.

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். "பையன் நல்லா பண்றான்னுல்ல நினைச்சேன்?"

புதுத் தொடர் ஒளிபரப்பாவதற்கு முன்பு, எடுத்த வரைக்கும் பார்வையாளர்கள் சிலருக்குப் போட்டுக் காட்டி அபிப்பிராயம் கேட்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். எந்தப் பாத்திரத்தை வளர்ப்பது, எதை விபத்தில் சாகடிப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் எழுதப்படும். மற்றவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தார்கள். பெயின்ட் கடைக்காரர் மனைவியான அக்கா மட்டும் தானாகவே தேடி வந்து பெயர் கொடுத்தவர்.

"எங்க வீட்டுல ரிமோட் என் கையிலதான் இருக்கும்" என்று வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டதால் இந்தப் பட்டப்பெயர்.

"நடிகர்களுக்குச் சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க யாராவது இருந்தா இப்பவே எழுந்துடுங்க" என்று உதவி இயக்குநர் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்.

அவருக்கு நரம்பில்லாத நாக்கு. சமீபத்தில் வந்த இளசுகளின் தொடர்களில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"அந்த ஹாஸ்டல் தொடர்ல ஆறு பசங்க, ஆறு பேருக்கும் ஒரே தாடி. யாரு யாரைக் காதலிக்கிறான்னு புரியறதுக்குள்ள பாதித் தொடர் முடிஞ்சு போச்சு. நீச்சல்காரப் பொண்ணு ஒருத்தி வர்றாளே, அவ குளத்துல முங்கி எழுந்திருக்கா, கண் மை அப்படியே இருக்கு. பாட்டுக் குழு தொடர்ல கிடார் வாசிக்கிறவன் விரல் கம்பியிலேயே படலை."

அறை முழுக்கச் சிரிப்பு. இயக்குநரும் சிரித்தார். அக்கா சொன்னதெல்லாம் உண்மை, வம்பே அதுதான். இத்தனை தடவை சரியாகச் சொன்ன வாய் அடுத்த தடவை சொல்வதை யார் சந்தேகப்படுவார்கள்?

இந்தத் தொடரின் கதாநாயகன் மரக்கட்டை. அவனைக்கூட "போகப் போகச் சரியாயிடும்" என்று அக்கா பெரிய மனதோடு விட்டுவிட்டார். சுருட்டை முடிக்காரனைத்தான் விடவில்லை.

"சிநேகிதன் செத்ததும் அவன் அழறானே, எனக்கே கண்ணு கலங்கிடுச்சும்மா" என்றார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்.

"அது கிளிசரின், அண்ணே. கண்ணை விடுங்க, காதைப் பாருங்க. நிஜமா அழுதா முதல்ல காதுதான் சிவக்கும். இங்க பாருங்க, உரிச்ச பூண்டு மாதிரி இருக்கு."

காட்சியை மறுபடி ஓட்டினார்கள். பையன் உயிரைக் கொடுத்து நடித்திருந்தான். உதடு நடுங்கியது, குரல் உடைந்தது. பாவம், யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமால்ல" என்றார் டிரைவர், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதைப் போல.

அக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எங்க கடையில ஆயிரம் கலர் இருக்கு சார். இவன் மூஞ்சியில ஒண்ணே ஒண்ணுதான், சுவத்துல முதல்ல பூசுவாங்களே, அந்த பிரைமர்."

மறுபடியும் சிரிப்பு. இயக்குநர் மட்டும் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"அவனுக்கு இதுதான் முதல் வாய்ப்பு. ராத்திரி பகல்னு பார்க்காம உழைச்சிருக்கான். முதல் தொடர்லயே தூக்கிட்டாங்கன்னு வெளியே தெரிஞ்சா, அப்புறம் ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க."

"நல்லதுதானே சார்? இப்பவே தெரிஞ்சுக்கட்டும்" என்றார் அக்கா. "வீட்டுல ஆயிரம் வேலை கிடக்கும், அதைப் போட்டுட்டு இங்க வந்து நிக்கிறானுங்க."

அந்தப் பாத்திரத்தைச் சாகடிக்கலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். முதலில் எழுந்தது அக்காவின் கை. கடைசியாகத் தயங்கித் தயங்கி எழுந்தது டிரைவருடையது. பையனின் சீட்டு கிழிந்தது.

"இப்பவே சொல்லிடு, ஆசையோட காத்துக்கிட்டிருப்பான்" என்றார் இயக்குநர். உதவி இயக்குநர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்திக்கொள்ளும் வரை அக்கா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் பெயின்ட் கடையில் இறங்கினார். கல்லாவில் தனியாக உட்கார்ந்திருந்த கணவரிடம் கடையின் இன்னொரு சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

வீட்டில் விளக்கு போட்டிருக்கவில்லை. உள்ளறைக் கட்டிலில் ஒருவன் தலை வரைக்கும் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். போன் தரையில் கிடந்தது.

அக்கா ஸ்விட்சைத் தட்டினார். போர்வைக்கு வெளியே தெரிந்தது ஒரு காது மட்டும்தான். அது செக்கச்செவேலென்று சிவந்திருந்தது.

"பார்த்தவங்க யாருக்குமே என்னைப் பிடிக்கலையாம்" என்றது போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கடைச் சாவியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, போர்வையை விலக்கி அந்தச் சுருட்டை முடியைக் கோதிவிட்டார்.

"அம்மாவுக்குப் பிடிக்குமேடா, கண்ணா."