நிற்க மறுத்த இன்ஜின்

"இன்னும் உயிர் இருக்கு சார்," என்றார் மெக்கானிக், வாசலில் நின்று கையைத் துடைத்தபடி. "மருந்து முழுசும் ஊத்திட்டேன். போகமாட்டேங்குது."

டாக்டரம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாவம், எவ்வளவு நேரமாப் போராடுது."

அவர் பல் டாக்டர். போராடிக்கொண்டிருந்தது ஒரு கார். பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதிய கார் வாங்கினால் மானியம் என்று அரசாங்கம் அறிவித்ததிலிருந்து, அந்தப் பழைய இரும்புக் கிடங்கில் தினமும் இதே வேலைதான். பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஆயிலை இறக்கிவிட்டு, ஒரு திரவத்தை ஊற்றி, முழு வேகத்தில் ஓடவிடுவார்கள். இன்ஜின் இறுகி ஒரேயடியாக நின்றுவிடும். அப்புறம் எந்தக் கொம்பனாலும் அதை ஓட்ட முடியாது.

இதைக் கூட இருந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது புகை ஆபீசரின் வேலை. போக்குவரத்து அலுவலகத்தில் அவருக்கு நீளமான பதவிப் பெயர் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. கொட்டகைப் புகை அவருக்கு ஆகாது என்பதால், சத்தத்தைக் கேட்டே கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அன்று டாக்டரம்மா தன் காரை வெளியே நிறுத்திவிட்டு வெகுநேரம் காத்திருந்த பிறகுதான் ஆபீசர் வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக மெக்கானிக்கிடம் சாவியை நீட்டி, "உள்ள கொண்டுபோய்ப் போட்டுடுப்பா, வெயில் ஏறிடும்" என்று சொல்லிவிட்டு, அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டார்.

மெக்கானிக் மறுபடி கொட்டகைக்குப் போனார். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஜின் சீராக இரைந்துகொண்டிருந்தது.

"என் கையில இது இப்படி ஓடினதே இல்ல," என்றார் டாக்டரம்மா. "காலையிலகூட சிக்னலுக்கு சிக்னல் நின்னுச்சு. பின்னாடி வந்தவன் என் பரம்பரையையே விசாரிச்சான்."

"போகிற நேரத்துல ஒரு தெம்பு வரும் மேடம். மனுஷனுக்கும் அப்படித்தான்."

"எனக்கு மனசு உறுத்துது சார். என் கிளினிக் நர்ஸம்மா பஸ்லதான் வர்றாங்க. அவங்க ஒரு சோப்பு வாங்கினாலும் வரி கட்டுறாங்க. அந்தக் காசுல எனக்குப் புது காரா? எந்த ஊரு நியாயம் இது?"

"அந்த நர்ஸம்மா பஸ் ஸ்டாப்புல நின்னு யாரு வண்டிப் புகையக் குடிக்கிறாங்க? உங்க வண்டிப் புகைய. அது நின்னா அவங்களுக்குத்தானே லாபம்? கார் கம்பெனியில நாலு குடும்பமும் பிழைக்கும்."

"எப்படியும் அடுத்த வருஷம் நான் புது கார் வாங்கத்தான் போறேன். நீங்க காசு குடுக்கிறதால எங்க வீட்டுக்காரர் இந்த வருஷமே வாங்குன்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். இதுல நாட்டுக்கு என்ன வந்துச்சு? ஆடாத பல்லப் பிடுங்கச் சொன்னா நான் பிடுங்கமாட்டேன்."

"ஆடுற பல்லுன்னு விண்ணப்பத்துல நீங்கதானே மேடம் எழுதிக் குடுத்தீங்க?"

டாக்டரம்மா விடவில்லை. "சரி, ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, உங்க வண்டியக் குடுத்தாச்சா?"

ஆபீசர் தொண்டையைச் செருமினார். "எங்க மாப்பிள்ளையும் இதத்தான் கேக்கறார். 'மாமா, முதல்ல நீங்க குடுத்துக் காட்டுங்க'ங்கறார். என் வண்டி கதை வேற மேடம். பழசுதான், ஆனா புகையே கிடையாது. அதுமேல வீட்டுல ஒருத்தரையும் கைவைக்க விடமாட்டேன்."

இன்ஜின் இன்னும் இரைந்துகொண்டேயிருந்தது. டாக்டரம்மாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இப்படி ஓடுற வண்டியக் கொன்னுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது. மானியமும் வேணாம், மண்ணும் வேணாம். நிறுத்தச் சொல்லுங்க. இதுலயே வீட்டுக்குப் போறேன்."

கிடங்குவரை வந்த வண்டி திரும்பிப் போயிற்று என்று வெளியே தெரிந்தால் ஊரே சிரிக்கும், மேலதிகாரி சிரிக்கமாட்டார். ஆபீசர் எழுந்து வாசலுக்குப் போய்க் கொட்டகையைப் பார்த்துக் கத்தினார்.

"என்னப்பா அங்க கொஞ்சிக்கிட்டிருக்க? ஏறி மிதி."

"சார், இப்ப நிறுத்தினாக்கூடக் கழுவிக் காப்பாத்திடலாம்," மெக்கானிக்கின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "தங்கமான இன்ஜின் சார். நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? இரக்கமே பாக்காத. முடிச்சுடு."

இன்ஜின் ஒருமுறை அடிவயிற்றிலிருந்து உறுமியது. அப்புறம் இரும்போடு இரும்பு கடித்துக்கொள்ளும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

டாக்டரம்மா மெல்ல உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஜெயித்த களைப்போடு ஆபீசரும் உட்கார்ந்து பேனாவின் மூடியைத் திறந்தார்.

"மனச விட்டுடாதீங்க மேடம். வெறும் வண்டிதானே. நாட்டுக்காக இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

மெக்கானிக் உள்ளே வந்தார். முகமெல்லாம் கரி. டாக்டரம்மாவைத் தாண்டி நேராக ஆபீசரிடம் போய், துக்கம் விசாரிக்கிறவரைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கடைசிவரைக்கும் ஈடு குடுத்துச்சு சார் உங்க வண்டி, அடுத்து டாக்டரம்மாவோடத உள்ள எடுக்கட்டுமா?"