மேனேஜரின் இடது தொடை

"அப்போ இன்னிக்கே மேனேஜரை வெட்டிடறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்றாள் மனைவி, கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே.

"மெதுவாப் பேசு. அவர் காதுல விழுந்துடப் போகுது," என்றார் கணவர்.

விழுந்தாலும் மேனேஜர் அசைந்து கொடுக்கிற ஆள் இல்லை. பாதி தைத்த கோட்டின் மேல் நாலு காலையும் பரப்பி, தையல் மிஷினிலிருந்து வாலைத் தொங்கப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. காலையில் வருவது, அடுப்படியை மேற்பார்வை பார்ப்பது, பகலெல்லாம் தூங்குவது, இருட்டத் தொடங்கியதும் ஜன்னல் வழியாக டூர் கிளம்பிவிடுவது என்று இருக்கிற ஒரு பூனைக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

கணவர் வேலை பார்க்கிற கூரியர் ஆபீஸில் நிஜமான மேனேஜர் ஒருவர் உண்டு. அவருக்கு ஒன்று என்றால் இவர் இந்த அளவுக்கு உருகியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

கட்டியைக் கண்டுபிடித்தது மனைவி. துணிக்குள் ஒடிந்துபோன ஊசி முனையைத் தடவியே எடுத்துவிடுகிற விரல்கள் அவளுடையவை. இடது தொடையில், சட்டைப் பட்டன் அளவில் உருண்டது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, கட்டி இருக்கிற பக்கம் வேண்டாம் என்று வலது தொடையில் ஒரு ஊசி போட்டார்.

ஊசி போட்ட இடமும் புடைத்துக்கொண்டது. "அது வெறும் ஊசி வீக்கம், சில பூனைங்களுக்கு அப்படித்தான். தானா வடிஞ்சிடும். நீங்க இடது பக்கத்தை மட்டும் கவனிங்க," என்றார் டாக்டர்.

கவனித்தார்கள். வாரம் தவறாமல் வலது பக்கம் ஊசி ஏறியது. இடது பக்கம் ஒன்று அமுங்கினால் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பியது. சட்டைப் பட்டன் கோட்டுப் பட்டன் ஆனது. போதாததற்கு மேனேஜர் காலைச் சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைக்க ஆரம்பித்தது, எடை மட்டும் கூடிக்கொண்டே போனது. "கட்டியோட கனமா இருக்குமோ டாக்டர்?" என்று மனைவி கேட்டதற்கு, டாக்டர் இல்லை என்று சொல்லவில்லை.

நேற்று அவர் கையை விரித்துவிட்டார். அறுத்து எடுத்துப் பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும். ஆனால் இதயம் கொஞ்சம் பலவீனம். மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்காமலே போகலாம். விட்டுவைத்தால் பரவலாம். சம்மதம் என்றால் காலையில் வெறும் வயிற்றோடு தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

"வேண்டாங்க," என்றாள் மனைவி. "இருக்கிற வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"நாளைக்கு அது காலை இழுத்துக்கிட்டு நடந்தா, நீ பார்த்துக்கிட்டு இருப்பியா?"

"தூங்கினது எழுந்திருக்கலைன்னா, நீங்க பார்த்துக்கிட்டு இருப்பீங்களா?"

அவர் மேனேஜரின் வால் நுனியை மட்டும் ஒரு விரலால் தொட்டுக்கொண்டு நின்றார்.

"எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் பண்ணப்போ ஆபீஸ்ல லீவு தரலைன்னீங்க," என்றாள் அவள். "இன்னிக்கு மட்டும் எப்படிக் கிடைச்சுது?"

"உனக்கு எங்க வலிக்குதுன்னு நீ வாயைத் திறந்து சொன்னே. அது சொல்லுமா?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கூடையை எடுத்து வந்து, அந்தக் கோட்டுக்கு என்று எடுத்து வைத்திருந்த வழவழப்பான உள்துணியை நாலாக மடித்து உள்ளே விரித்தாள். அவள் சம்மதம் சொல்கிற விதம் அதுதான்.

தூக்கும்போது அவர் விரல் இடது தொடையில் பட்டுவிட்டது. மேனேஜர் கண்ணைத் திறந்து, லீவு லெட்டரைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தது. அவ்வளவுதான். கத்தக்கூட இல்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மாடிப்படித் திருப்பத்தில் மேல் வீட்டு நர்ஸம்மா குனிந்து, செருப்பு அலமாரிக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பகலெல்லாம் ஆஸ்பத்திரி, ராத்திரி மட்டும் வீடு என்று இருப்பவர். எதிரே வந்தால் தலையாட்டுவதோடு சரி. கையில் காலிக் கூடை ஒன்று வைத்திருந்தார். அழுதிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"என்ன மேடம், இன்னிக்கு டூட்டி இல்லையா?" என்றார் கணவர்.

"லீவு போட்டுட்டேன் சார். வாட்ச்மேனைத் தேடிக்கிட்டு இருக்கேன்."

"கேட்டுலதான் பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தார்."

"அவர் இல்லைங்க. இது எங்க வாட்ச்மேன். இருட்டினதும் டூட்டிக்கு வருவான், விடியறதுக்குள்ள எங்கேயோ போயிடுவான். இன்னிக்கு எப்படியாவது பிடிச்சு டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகணும்."

அந்தக் குரலுக்குக் கணவரின் கூடைக்குள்ளிருந்து பதில் வந்தது. இவர்களிடம் ஒருநாளும் காட்டாத, கொஞ்சலான மியாவ்.

நர்ஸம்மா மெல்ல வந்து மூடியைத் தூக்கினார். உள்ளே கையை விட்டதும், தலை தானாக அந்தக் கைக்குள் போய்ப் புதைந்துகொண்டது.

"டாக்டர் எதுக்கு மேடம்? அதுக்கு என்ன?" என்றாள் மனைவி.

"என்னன்னே புரியலைம்மா. வாராவாரம் நானே இடது தொடையில ஊசி போடறேன், வலது தொடையில கட்டி வந்துக்கிட்டே இருக்கு."