ஒரு நாளைக்கு மூன்று ரோல்ஸ்

“தம்பி உதயன், மறைக்காமல் சொல்லும். இவர் இஞ்சை வந்து மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டவரோ?”

தாட்சாயினி கேட்ட வேகத்தில் உதயன் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

“சத்தியமா இல்லை அக்கா. அண்ணை ஆறு மாசமா இந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கேல்லை.”

பரிசின் ரூ பெர்தொனே தெருவில் அவள் ஏறிய நான்காவது சாப்பாட்டுக்கடை உதயனுடையது. நாலிலும் இதே பதில். ஆனால் நேற்று வந்த இரத்தப் பரிசோதனைத் தாள் வேறு கதை சொன்னது. அவளுடைய கணவர் மகாலிங்கத்தின் இரத்தத்தில் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு இரண்டு மடங்காக ஏறியிருந்தது. ஆறு மாதமாகத் தேங்காய்ப்பாலைக் கண்ணில் காட்டாமல், குழம்பைத் தாளிக்காமல், விடிய ஆறு மணிக்கே மனுசனை எழுப்பி நடக்கவிட்டு இறக்கிய கொழுப்பு! அவருடைய தமையன் ஐம்பத்தெட்டு வயதில் மாரடைப்பில் போனவர். இவருக்கு இந்த ஐப்பசியில் ஐம்பத்தெட்டு. விடுவாளா தாட்சாயினி?

காலையில் அவருடைய ஜக்கெற் பைகளைக்கூடக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தாள். கடை பில் துண்டு ஒன்றும் இல்லை. காய்ச்சலுக்கும் நோவுக்கும் போடுகிற டொலிப்ரான் குளிசையின் வெறும் மட்டை ஒன்றுதான் விழுந்தது. முழங்கால் நோவுக்குப் போட்டிருப்பார் என்று நினைத்தாள். பிறகு எறியலாமென்று கைப்பைக்குள் போட்டது அப்படியே கிடந்தது.

“அதுசரி, டொரொன்டோக் கலியாணம் எப்பிடியக்கா?” உதயன் பேச்சை மாற்றினான்.

“எங்கை போனன்? பிளேன் ஏறுற அண்டைக்கு எனக்கு நெருப்புக் காய்ச்சல் மாதிரி அடிச்சுப்போட்டுது. தங்கச்சியின்ரை மகளுக்கு ஆலாத்தி எடுக்கவேண்டிய பெரியம்மா இஞ்சை போர்வைக்குள்ளை! கார் து நோர் ஸ்டேசனுக்கு வாற ரயிலுக்குள்ளை ஆரோ ஒரு கட்டையிலை போவான் எனக்கு மேலை தும்மியிருக்கிறான். ரெண்டு கிழமையா விடிய எழும்பி அவனைத் திட்டிப்போட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறன்.”

மூன்று மணிக்கு ரூ லூயி-பிளாங் தெருவில், டொக்டரின் வாசலில் மகாலிங்கம் காத்துக்கொண்டு நின்றார்.

“நாலு கடை ஏறி இறங்கினன். ஒருத்தரும் உங்களைக் காணேல்லையாம். அப்ப எங்கை சாப்பிட்டனீங்கள்?”

அவர் நிலத்தைப் பார்த்தார். “வேலையிடத்திலை... ரோல்ஸ். ஒரு நாளைக்கு மூண்டு.”

“மூண்டோ!” தாட்சாயினிக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்கடை அண்ணைக்கு நடந்தது காணாதோ? என்னைத் தனிய விட்டிட்டுப் போகவோ நிக்கிறியள்?”

மகாலிங்கம் டொக்டரின் கதவைத் தள்ளித் திறந்தார்.

உள்ளே, பரிசிலேயே பிறந்து வளர்ந்த டொக்டர் அக்‌ஷரா தாளை இரண்டு தரம் பார்த்தாள்.

“அன்ரி, ட்ரைகிளிசரைட் ஏறியிருக்கு, ஆனால் கொலஸ்ட்ரோல் வழமையைவிட இறங்கியிருக்கு. வைரஸ் காய்ச்சல் வந்தாலும் கொஞ்ச நாளைக்கு இப்பிடிக் காட்டும். இரத்தம் குடுக்க முதல் அங்கிளுக்குக் காய்ச்சல் இருந்ததோ?”

“இவருக்கோ? எனக்கெல்லோ காய்ச்சல்!”

“இல்லை டொக்டர், ரோல்ஸ்தான்,” மகாலிங்கம் அவசரமாகக் குறுக்கிட்டார். “ஒரு நாளைக்கு அஞ்சு.”

மூன்று எப்படி ஐந்தானது? தாட்சாயினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பயணத்துக்கு முந்திய மூன்று இரவும், குறட்டை விடுகிறேன் என்று சொல்லி மனுசன் ஹோலில் போய்ப் படுத்தது ஞாபகம் வந்தது. கைப்பையைத் திறந்து, அந்த வெறும் குளிசை மட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

மகாலிங்கத்தின் முகம் வெளிறிவிட்டது.

“காய்ச்சலெண்டு சொல்லியிருந்தால் நீர் என்னை விட்டிட்டுப் பிளேன் ஏறியிருக்க மாட்டீர்,” என்றார் மெல்ல. “கடைசியிலை உமக்கும் தொத்திப்போச்சு. அதுக்குப் பிறகு எந்த முகத்தோடை சொல்லுறது?”

“பயப்பிட ஒண்டுமில்லை. கொஞ்ச நாள் போகட்டும், திரும்ப எடுத்துப் பாப்பம்,” என்றாள் டொக்டர்.

தாட்சாயினியின் காதில் அது விழவேயில்லை. இந்த மனுசனை உயிரோடு வைத்திருக்க நாலு கடை ஏறி இறங்கியவள், இரண்டு கிழமையாக நாள் தவறாமல் கட்டையில் போகச் சொன்னதும் இவரைத்தான்.